சந்தனப் பொட்டுக்கு அடியில்

அம்மணியோடு வாய்ச்சண்டை போட்டு ஜெயித்த ஆள் அந்த எஸ்டேட் லைன் வீடுகளில் கிடையாது. வயது இருபத்து நான்குதான். மேல் லைனில் அவள் குரலெடுத்தால், மஞ்சக்குட்டை பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் யாரோடு சண்டை, எதற்குச் சண்டை என்பதைத் தெரிந்துகொண்டு நிம்மதியாகப் பஸ் ஏறலாம். சண்டை முற்றி எதிராளி மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கற்பூரக் கட்டியை எடுப்பாள். குழாயடிக் கல்லில் வைத்து, சேர்வராயன் கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துக் கொளுத்துவாள். "நான் சொன்னது பொய்யா இருந்தா என்ற கண்ணு அவிஞ்சு போவட்டும்" என்பாள். அத்தோடு வழக்கு முடிந்தது. எரிகிற கற்பூரத்துக்கு எதிரில் நின்று பேச யாருக்குத் துணிச்சல் வரும்? தாத்தன் பூட்டன் காலத்தில் சமவெளியிலிருந்து மலையேறி வந்த நாளாக லைனில் அதுதான் கோர்ட்டு.

அப்படிப்பட்டவள் படிக்கப் போனதே வேடிக்கைக்குத்தான். அறிவொளி வகுப்பு வந்த வருசம் அது. தினமும் சாயங்காலம், காப்பிப் பழம் எடை போட்டு முடிந்ததும், மாதா கோயில் பக்கத்துக் கொட்டகையில் பெண்களுக்குப் பாடம். சொல்லிக் கொடுத்தவள் லூர்துசெல்வி. பத்தொன்பது வயது, பன்னிரண்டாவது பாஸ், அதே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். சத்தம் போட்டுப் பேச வராது. அவளை 'டீச்சரு' என்று கூப்பிட்டுக்கொண்டே அவளுடைய ஜடையைப் பிரித்துப் பேன் பார்க்கிற மாணவிகள். அதையும் சகித்துக்கொண்டு ஆறு மாதத்தில் முப்பது பெண்களை எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்துவிட்டாள்.

எழுத்துக் கூட்டினால் போதாது என்று அடுத்த புத்தகம் வந்தது. ஒரு பாடம் இருக்கும். கீழே ஒரு கேள்வி இருக்கும். உன் கருத்து என்ன, அதற்குப் பாடத்தில் எந்த வரி ஆதாரம் என்று எழுதிக் காட்ட வேண்டும். முதல் பாடத்தில் கந்தன் என்கிறவன் காய்ச்சலில் கிடந்தான். அவன் வீட்டார் குட்டைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடித்தார்கள் என்று நாலாவது வரியில் பச்சையாக அச்சடித்திருந்தது. காய்ச்சலுக்குக் காரணம் என்ன, ஆதாரத்துடன் எழுதுக.

அம்மணி நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு மணி நேரம் எழுதினாள். காரணம் கந்தனின் மாமியார். கொதிக்க வைக்க விறகு தராதவள் அவள்தான். இது சத்தியம். எழுதி முடித்து, தாளை நாலாக மடித்து, மடிப்புக்குள் ஒரு கற்பூரக் கட்டியையும் வைத்துக் கொடுத்தாள்.

லூர்துசெல்வி தாளைப் பிரித்ததும் கற்பூரம் உருண்டு மடியில் விழுந்தது. இது எதற்கு என்று கேட்டாள். ஆதாரம் கேட்டீங்களே என்றாள் அம்மணி. பாடத்தில் மாமியாரே இல்லையே அக்கா என்றதற்கு, பக்கத்தில் இருந்த சென்னம்மாள் பதில் சொன்னாள். ஐம்பது வயது, மூன்று மருமகள்களோடு மல்லுக்கட்டுகிறவள்.

"மாமியாக்காரி பாடத்துல வரமாட்டா கண்ணு. நாங்கெல்லாம் பின்னால நின்னுதான் காரியம் பண்ணுவோம்."

கொட்டகையே குலுங்கிற்று. எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் கோவிந்தராஜின் மனைவி அமுதா சிரித்த சிரிப்பில் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த நாலு வயதுப் பெண் எழுந்து உட்கார்ந்து மலங்க மலங்க விழித்தது. அமுதா நாற்றங்காலில் வேலை செய்பவள். ரைட்டர் பெண்டாட்டி என்ற மிதப்பு இல்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்காருவாள்.

லூர்துசெல்வியும் சிரித்தாள். பிறகு கற்பூரத்தை அம்மணி கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இது எரிஞ்சு போயிருங்கக்கா. வரி அங்கயே இருக்கும். நான் போயிப் பாக்கலாம், உங்களுக்கு ஆகாதவிய போயிப் பாக்கலாம், எல்லாத்துக்கும் ஒரே வரிதான் தெரியும். அதனால எதைச் சொன்னாலும் எந்தப் பக்கம், எந்த வரின்னு சொல்லோணும்."

எந்தப் பக்கம், எந்த வரி. அவ்வளவுதான், லைனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. குழம்பில் உப்பில்லை என்ற புருசன்மாரிடம் எந்த வரி என்று கேட்டார்கள். பொம்பளை ஆம்பளைக்குப் பிறகுதான் சாப்பிட வேண்டும் என்று அம்மணியின் வீட்டுக்காரன் மாதேஸ்வரன் வாய் தவறிச் சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் என்று ராத்திரிச் சோறு ஆறுகிறவரை தேடிக்கொண்டிருந்தான். ஏற்காட்டுச் சந்தையில் கைரேகை பார்க்கிறவர் சென்னம்மாளுக்கு வெளிநாட்டுப் பயணம் உண்டு என்று சொல்லி, வரியை விரலால் தொட்டே காட்டிவிட்டார். பூசை முடிந்து வந்த பங்குச் சாமியாரிடம் ஒருத்தி கேட்க, அவர் சந்தோசமாக அதிகாரமும் வசனமும் சொன்னதோடு, அடுத்த வசனத்தையும் சேர்த்துச் சொல்லி அரை மணி நேரம் நிறுத்திவைத்தார்.

பஸ்ஸில் நடந்ததுதான் பெரிய கூத்து. இருக்கையில் ஓர் ஆள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பழைய சென்னம்மாளாக இருந்தால் அவருடைய பரம்பரையையே எழுப்பி உட்கார வைத்திருப்பாள். புதிய சென்னம்மாள் ஒரு வசவும் வையவில்லை. அவர் தலைக்கு மேலே விரலை வைத்து, பெ, ண், க, ள் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மனுசன் எழுந்துவிட்டார். மூன்று வளைவு தாண்டும்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இந்தக் கும்மாளத்தின் நடுவில்தான் இடி விழுந்தது. கார்த்திகை பிறந்து பழம் சிவக்கத் தொடங்கிய வியாழக்கிழமை, காலை ஆள் கணக்கெடுப்பின்போது ரைட்டர் கோவிந்தராஜ் ஓர் உத்தரவைச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை முதல் காப்பிக் காட்டுக்குள் கைக்குழந்தையைத் தூக்கி வரக்கூடாது. மரத்தில் தூளி கட்டக்கூடாது. போன வருசம் ஒரு பிள்ளைமேல் முசுறு எறும்பு ஏறிக் கடித்து, ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ப் பெரிய தலைவலி ஆகிவிட்டது. குழந்தை வைத்திருக்கிறவர்கள் பிள்ளை பெரிதாகும்வரை வீட்டில் இருந்து கொள்ளலாம். நாற்றங்காலுக்கு இந்த உத்தரவு இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

அம்மணிக்கு ஒரு பையன், தவழுகிற வயது. மாமியார் கிடையாது, அம்மா இப்போது அடிவாரத்தில் ஓமலூர்ப் பக்கம். வீட்டில் இருந்து கொள்ளலாம் என்றால் வேலை போயிற்று என்று அர்த்தம். வருசத்தில் கை நிறைய வேலை இருப்பதே பழம் பறிக்கிற இந்த மூன்று மாதம்தான். மாதேஸ்வரன் ஜீப்புக்கு மூட்டை ஏற்றுகிறவன். ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை. வேலையை விட்டவள் பெயரை அடுத்த வருசம் சேர்ப்பார்கள் என்பதும் நிச்சயமில்லை. பிள்ளைக்காரிகள் எல்லோர் தலையிலும் கல் விழுந்தது.

அம்மணி குரலெடுத்தாள். பிள்ளைகளைப் போட ஒரு கொட்டகை கொடுங்கள், யாராவது ஓர் ஆள் பார்த்துக் கொள்ளட்டும் என்றாள். ரைட்டர் அசையவில்லை. அப்படி ஒரு ரூல் கிடையாது என்றார். உண்டு, எங்க அம்மா காலத்தில் இருந்தது என்றாள். கை தன்னால் முந்தானை முடிச்சுக்குப் போனது. ரைட்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"கற்பூரம் அடிச்சா சட்டம் ஆயிருமா அம்மணி? நொம்பப் படிக்கறயாமே. ரூல்ல இருந்தா காட்டு."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுக் காட்டுக்குள் நடந்தாள்.

மறுநாள் சாயங்காலம் எடைக் கொட்டகையில் வரிசை நகரவில்லை. எழுத்துத் தெரிந்த பிறகு அவளுக்கு ஒரு நோய் வந்திருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் படித்துவிடுவாள். உர மூட்டையைப் படித்தாள். தராசில் இருந்ததைப் படித்தாள். ரைட்டர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஐந்து படங்கள் மாட்டியிருந்தன. முருகன், லட்சுமி, மாதா, செத்துப்போன பழைய முதலாளி, ஐந்தாவது எழுத்துச் சாமி. அதில் உருவம் இல்லை. கண்ணாடிக்குள் வெறும் எழுத்து. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை மற்ற நாலுக்கும் வைப்பதுபோல் அதற்கும் சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, பூப் போடுவார்கள். அம்மணியே வருசக்கணக்கில் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்கு எழுத்துச் சாமியைப் படித்தாள். 'தோட்டத் தொழிலாளர் சட்டச் சுருக்கம்' என்றிருந்தது தலைப்பில். எட்டாவது பத்தியில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு. அதற்கு மேல் வரி: 'ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் வேலை செய்யும் தோட்டத்திலும்'. பொட்டுக்குக் கீழ் வரி: 'அந்தக் குழந்தைகளுக்கென வசதியான அறை வைத்திருத்தல் வேண்டும்'.

அம்மணி தலையில் கூடையோடு வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"ஏனுங்க ரைட்டரே, எட்டாவது பத்தி, மொதல் வரி. திரும்பிப் பாருங்க."

ரைட்டர் திரும்பிப் பார்த்தார். அவரும் அதை இத்தனை வருசத்தில் படித்ததில்லை என்பது அவர் உதடு அசைந்த வேகத்திலேயே தெரிந்தது. படித்து முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஐம்பது பெண்கள் என்றுதானே போட்டிருக்கிறது? இந்த எஸ்டேட்டில் நாற்றங்காலையும் சேர்த்து நாற்பத்தாறு பேர்தான். ஆக இந்தத் தோட்டத்துக்கு இது பொருந்தாது. நன்றாகப் படித்தாய் அம்மணி, இன்னும் நன்றாகப் படி என்று சொல்லிவிட்டுத் தராசுக்குத் திரும்பினார்.

வகுப்புக்கு அம்மணி அழுகிற முகத்தோடு வந்தாள். வரி எரியாது என்றாய், என் வரி எரிந்துவிட்டது என்று டீச்சர்மேல் பாய்ந்தாள். லூர்துசெல்வி அதைப் பலகையில் எழுதச் சொன்னாள். அம்மணி ஒரு எழுத்து விடாமல் நினைவிலிருந்து எழுதினாள். மேல் வரி, நடுவில் ஒரு வட்டம், கீழ் வரி. அந்த வட்டம் என்னவென்று டீச்சர் கேட்டாள். சந்தனப் பொட்டு என்றாள் அம்மணி.

லூர்துசெல்வி இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். மேல் வரியில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சே இல்லை. கீழ் வரியில் திடீரென்று 'அந்தக் குழந்தைகள்' வந்துவிட்டார்கள். எங்கிருந்து வந்தார்கள்?

"பொட்டுக்கு அடியில என்னமோ இருக்குதுக்கா. பாதிய வெச்சுக்கிட்டுப் பேசுனா, அடுத்தவிய மீதிய வெச்சு அடிச்சுருவாங்க."

சனிக்கிழமை காலை மேனேஜர் சிங்கராயர் ஜீப்பில் வந்தார். வாரம் ஒரு முறை வருகிற மனுசர். எதையும் சட்டென்று முடித்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பவர். எடைக் கொட்டகை வாசலில் நாற்பது பெண்கள் நிற்பதைப் பார்த்ததும் ஜீப்பைத் திருப்பச் சொல்லாமல் இறங்கிவிட்டோமே என்று அவருக்குத் தோன்றியிருக்கும். கீழே இறங்கியாயிற்று, இனி என்ன செய்வது? விசயம் என்னவென்று கேட்டார். அம்மணி சொன்னாள். ரைட்டர் ஐம்பதையும் நாற்பத்தாறையும் சொன்னார். பொட்டுக்கு அடியில் இன்னொரு வரி இருக்கிறது என்றாள் அம்மணி.

அப்புறம்தான் சிக்கலே. பொட்டை அழிப்பது யார்? சாமிப் படத்தில் வைத்த சந்தனத்தைத் துடைத்தவள் குடும்பம் விளங்குமா? பெண்கள் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒதுங்கினார்கள். ரைட்டர், இது தெய்வ காரியம் என்று கையைக் கட்டிக்கொண்டார். மேனேஜர், தான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், தான் தொட்டால் தப்பாகப் பேசுவார்கள் என்றார். அம்மணி நாற்காலிமேல் ஏறினாள். கன்னத்தில் ஒரு தடவை போட்டுக்கொண்டு, முந்தானை நுனியை எச்சிலில் நனைக்கப் போனவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கீழே இறங்கி, குடத்துத் தண்ணீரில் நனைத்துவந்து தேய்த்தாள். எத்தனை வருச ஆயுத பூசையோ, அடை அடையாக உதிர்ந்தது. ரைட்டரின் சட்டைமேல் கொஞ்சம் விழுந்தது.

எழுத்து தெரிந்தது. அம்மணி படித்தாள். வேகமாகப் படிக்க வராது. ஒவ்வொரு சொல்லுக்கும் நாற்பது பேரும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்கள். 'அல்லது பெண் தொழிலாளர்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்திலும்'.

கொட்டகை ஒரே ஆரவாரம். மேனேஜர் கையை உயர்த்தி, சரி, எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்டதுதான் தாமதம், லைனைப் பார்த்துப் பெண்கள் ஓடினார்கள். கால் மணி நேரத்தில் வாசல் முழுக்கப் பிள்ளைகள். பல் தேய்க்காதது, தேய்த்துப் பாதியில் தூக்கி வந்தது, அரைஞாண் கயிறு மட்டும் கட்டியது, தூக்கத்திலேயே இருந்தது. ரைட்டர் ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்து மூன்று வந்தது. மறுபடி எண்ணினார், பத்தொன்பது. ஜீப்புக்கு அடியில் நாலு பேர் கிடந்தார்கள். டிரைவர் இழுத்துப் போட்டார். ஒன்று வரிசையின் முதலில் எண்ணப்பட்டு, கடைசிக்கு ஓடி மறுபடி எண்ணப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேர் திருவிழாவுக்கு வந்து ஊர் திரும்பாத விருந்தாளிப் பிள்ளைகள் என்று லூர்துசெல்வியே பொறுக்கி வெளியே நிறுத்தினாள். கழித்தும் கூட்டியும் கடைசியில் சரியாக இருபது நின்றது. அம்மணியின் பையன் இருபதாவது ஆளாக அவள் இடுப்பில் இருந்து ரைட்டரின் குச்சியைப் பிடுங்கி வாயில் வைத்தான்.

ரைட்டர் விடவில்லை. நடுவில் நிற்கிற நெட்டைப் பையனைக் காட்டினார். தெரசம்மாள் மகன். இவனுக்கா ஆறு ஆகவில்லை? வயதுக்கு என்ன ஆதாரம், எந்தத் தாளில், எந்த வரியில் என்று கேட்டார். அவருக்கும் அந்த நோய் தொற்றிவிட்டது.

தெரசம்மாள் லூர்துசெல்வியின் கூடப் பிறந்த அக்கா. ஐந்து வயதுதான் என்று அடித்துச் சொன்னாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அம்மணி தன் வாழ்நாளில் அவ்வளவு ஆசையாகக் கற்பூரத்தைத் தேடியதில்லை. ஒரு கட்டி போதும், காரியம் முடிந்துவிடும். முடிச்சில் விரல் வைத்தவள் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். அது செத்துக் கிடந்தது.

"ஞானஸ்நானப் புத்தகத்துல இருக்குதுங்க" என்றாள் லூர்துசெல்வி, யாரையும் பார்க்காமல். "போன மாசத்தோட ஆறு முடிஞ்சுது. நாந்தான் கையெழுத்துப் போட்டவங்களுக்குப் பக்கத்துல நின்னேன்."

தெரசம்மாள் தங்கையைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றிக்கொள்ளும். பையன் வரிசையிலிருந்து வெளியே போனான். பத்தொன்பது. ரைட்டர் பெருமூச்சு விட்டு, ஒன்றுதான் குறைகிறது, பாவம் என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் ஜீப்பைப் பார்த்தார். அம்மணி சுவரைப் பார்த்தாள். துடைத்த வரி ஈரமாக மின்னியது. பெண் தொழிலாளர்களின் குழந்தைகள். காட்டுக்குப் போகிறவர்களின் குழந்தைகள் என்று இல்லை, லைனில் இருக்கிறவர்களின் குழந்தைகள் என்று இல்லை. அவள் மெதுவாகத் திரும்பினாள். அவளுக்கு முன்பே வேறொருத்தி நகர்ந்திருந்தாள்.

கடைசி வரிசையிலிருந்து அமுதா வந்தாள். கையில் அவளுடைய நாலு வயதுப் பெண். வந்து, பிள்ளையைப் பத்தொன்பதாவது ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ரிப்பனைச் சரிசெய்தாள்.

ரைட்டர் ஓரடி முன்னால் வந்தார். "இவ எதுக்கு இங்க? இவ நம்ம புள்ள."

"நேத்து நாற்றங்காலையும் சேத்து நாப்பத்தாறுன்னு சொன்னீங்களாமே" என்றாள் அமுதா. "அதுல நான் இருக்கறனா, இல்லீங்களா?"

இருக்கிறாள் என்றால் பிள்ளை இருபது. இல்லை என்றால் இத்தனை நாள் அவள் பெயரில் சம்பளம் வாங்கியது யார் என்று மேனேஜர் கேட்பார். கோவிந்தராஜ் இரண்டு பக்கமும் பார்த்தார். சென்னம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க நிற்கிற நிலை வசதிப்படவில்லை. மேனேஜர் சிங்கராயரே கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைப்பதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

உர மூட்டை அடுக்கியிருந்த பக்கத்து அறையை ஒழித்துத் தருகிறோம், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போடுகிறோம் என்றார் மேனேஜர். பெண்கள் கும்பிட்டார்கள். அம்மணி கும்பிடவில்லை, எழுதிக் கொடுக்கச் சொன்னாள். ரைட்டர் எழுதினார். படித்துப் பார்த்தாள். என்றைக்கு என்று எந்த வரியிலும் இல்லை என்றாள். திங்கட்கிழமை என்று சேர்த்தார். எந்தத் திங்கட்கிழமை என்று கேட்டாள். தேதி போட்டார். ஆள் போடுகிற விசயம் விட்டுப் போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து எழுதினார். நாலாவது தாளில் மேனேஜர் கையெழுத்துப் போட்டபோது வெயில் ஏறியிருந்தது.

ஆளாகத் தெரசம்மாளையே போட்டார்கள். ஆறு வயது முடிந்த அவள் பையனை உள்ளே விடலாமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. தங்கையோடு அவள் பேசுவதற்கு மட்டும் இன்னும் பத்து நாள் ஆயிற்று.

திங்கட்கிழமை அம்மணி இரண்டு கையும் வெறுமையாகக் காட்டுக்குள் இறங்கினாள். மூன்று வரிசைச் செடியை ஒரே மூச்சில் பறித்தாள். தூளியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிற கழுத்து வலி இல்லை. பழக்க தோசத்தில் இரண்டு தடவை மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். பத்து மணிக்கு மேல் மார் கனத்தது. கூடையைச் சென்னம்மாள் பக்கம் தள்ளிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிள்ளைகள் அறையைப் பார்த்து மேட்டில் ஓடினாள்.

வழியில் ரைட்டர் நின்றிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலை நேரத்தில் எங்கே ஓட்டம் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். அவள் நின்று, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று ஆவலோடு முகத்தைப் பார்த்தாள். அவர் சொல்ல வந்ததைக் கொஞ்சம் யோசித்தார். இன்னும் கொஞ்சம் யோசித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, பாதையை விட்டுச் செடிப் பக்கம் ஒதுங்கி நின்றார்.